லாடோ சராயில் பதினெட்டுக் குழிகள்: கேள்வி பதில்

போன மாதம் டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு கல்யாண விருந்தில், என் காரின் பின்பக்கம் கிடந்த கோல்ஃப் மட்டைப்பையைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். பணக்காரர் விளையாட்டை அரசு உத்தியோகத்தில் ஓய்வுபெற்றவன் எப்படி ஆடுகிறேன் என்பதுதான் அவர்கள் சந்தேகம். பிறகு எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முனிர்க்காவிலிருந்து ஒரு தம்பி: சார், எந்த கிளப்பிலும் நான் உறுப்பினர் இல்லை. உண்மையிலேயே உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே உறுப்பினராவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு மக்கள் பல வருடம் காத்திருக்கிறார்கள். லாடோ சராயில் இருக்கும் குதுப் கோல்ஃப் மைதானம் டி.டி.ஏ. என்ற டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்துவது, 2000ஆம் ஆண்டில் திறந்தது. பணம் கட்டினால் யாரும் ஆடலாம். மஞ்சள் பாதை மெட்ரோவில் சாகேத் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வடக்கே பல்ஸ்வாவிலும் டி.டி.ஏ. மைதானம் ஒன்று உண்டு.

ஆனால் மட்டையைத் தொட்டே பார்க்காமல் நேராக மைதானத்துக்குப் போகாதீர்கள். பயிற்சித் திடலில் நாலைந்து வாரம் வாளி வாளியாகப் பந்தடியுங்கள். பத்துக்கு ஆறு பந்தாவது தரையை விட்டு எழும்ப வேண்டும். அது வந்த பிறகு டீ நேரம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், கேளுங்கள்.

மயூர் விஹார்: மாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

கட்டணத்தை அன்றன்று கவுண்டரில் கேட்டுக்கொள். எங்கே பணம் போகிறது என்று மட்டும் சொல்கிறேன். மைதானக் கட்டணம், மட்டைப்பையைச் சுமந்து கூடவே வரும் கேடியின் கூலி, மட்டை வாடகை, பந்து. முதல் மூன்றையும் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது நாலாவதுதான். என் முதல் ஆட்டத்தில் புதுப் பந்து ஒன்பதைத் தண்ணீருக்கும் புதருக்கும் தானம் செய்தேன். தேடியெடுத்த பழைய பந்துகள் மலிவாகக் கிடைக்கும். ஒரு வருடத்துக்கு அவற்றையே வாங்கு. வார நாளில் போ. விதிப்படி அதிகபட்சம் 14 மட்டைகள் கொண்டுபோகலாம் என்றாலும் உனக்கு ஏழு போதும். அந்த ஏழில் டிரைவர் என்கிற நெடுந்தூர மட்டை வேண்டாம்.

சாகேத்: உடை?

காலர் வைத்த சட்டை, சாதாரணக் கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம்.

ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு சகோதரி: என் ஹிந்தி சுமார்தான். கேடியோடு எப்படிப் பேசுவது அண்ணா?

நீங்கள் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். "தோ பால் லெஃப்ட்" என்றால் குழிக்கு இடப்பக்கம் இரண்டு பந்து அகலம் தள்ளிக் குறிபார்க்க வேண்டும். "ஏக் கப் ரைட்" என்றால் வலப்பக்கம் ஒரு குழி அகலம், அதாவது 108 மில்லிமீட்டர். "ஹல்கா" என்றால் மெதுவாக. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு முழு ஆட்டமான பதினெட்டுக் குழியையும் முடித்துவிடலாம்.

அவர் நீட்டும் மட்டையை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு குழி பார்த்ததுமே நம் அடி எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நமக்குத்தான் அதை ஒப்புக்கொள்ள மனம் வராது. கேடி என்றால் பை சுமப்பவர் என்று நினைப்பவர்களுக்கு நான் அலி ஷேரைச் சொல்வது வழக்கம். கேடியாக இருந்து வந்தவர். 1991, 1993 என இரண்டு முறை இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார்.

மீண்டும் முனிர்க்கா: சார், பின்னால் வருபவர்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

மோசமாக அடிப்பவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை தம்பி. மெதுவாக ஆடுபவனைத்தான் திட்டுவார்கள், அதில் நானும் ஒருவன். பொது மைதானத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு குழு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பங்கர் என்கிற மணல்பள்ளத்தில் ஏழு முறை வெட்டிக்கொண்டு நின்றால், மதியம் வரை அத்தனை பேரும் வெயிலில் நிற்க வேண்டும்.

பார் என்பது ஒரு குழிக்கு வைத்திருக்கும் அடிக் கணக்கு. உங்கள் அடிகள் அதைப் போல் இரண்டு மடங்கு ஆனதும் பந்தைக் கையில் எடுத்துவிடுங்கள். பார் 4 என்றால் எட்டு, அதோடு சரி. இது கௌரவக் குறைவில்லை. ஒரு குழிக்கு இத்தனை அடிதான் என்று உச்சவரம்பு வைத்து ஆடும் முறையை 2019 கோல்ஃப் விதிகளே ஏற்றிருக்கின்றன. உங்கள் முறை வருவதற்குள் மட்டையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஒத்திகை வீச்சு ஒன்றுக்கு மேல் வேண்டாம். குழியில் பந்தைப் போட்டதும் கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையை, விட்டு விலகுங்கள். மதிப்பெண்ணை அங்கேயே நின்று கூட்டிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளைகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பந்து ஆட்கள் பக்கம் பறந்தால் உடனே "ஃபோர்!" என்று கத்த வேண்டும். கூச்சம் பார்க்கக் கூடாது.

துவாரகா: நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டால்?

நின்ற பந்தை நாய் எடுத்ததை நீங்கள் பார்த்திருந்தால் தண்டனை இல்லை. பழைய இடத்தில் வேறு பந்து வைத்து ஆடலாம். காக்கை, குரங்குக்கும் அதே சட்டம். "நாய்தான் எடுத்திருக்கும்" என்று ஊகித்தால் செல்லாது. தேடுவதற்கு மூன்று நிமிடம். 2019க்கு முன் ஐந்து இருந்தது. கிடைக்காவிட்டால் கணக்கில் ஓர் அடி கூடும் தண்டனையோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

கரோல் பாகிலிருந்து ஒரு பெரியவர்: வயது 63, முழங்கால் வலி. எந்த மாதம் தொடங்கலாம்?

நவம்பரில் தொடங்குங்கள் ஐயா. பதினெட்டுக் குழி என்றால் நாலரை மணி நேரம், ஏழு கிலோமீட்டர் நடை. நீங்கள் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் முதல் டீ நேரங்கள் தள்ளிப்போகும். காற்று கெட்ட நாளில் வீட்டிலேயே இருங்கள்.

பனி பெய்த காலையில் சீக்கிரம் போனால் ஒரு லாபம் உண்டு. கிரீன் வெள்ளிப் பூச்சு பூசியதுபோல் இருக்கும். முன்னால் போனவர்களின் பந்து உருண்ட தடம் அதில் கரும்பச்சைக் கோடாக வளைந்து கிடக்கும். சரிவு எந்தப் பக்கம் என்று கேடியைக்கூடக் கேட்க வேண்டாம், கோட்டைப் பார்த்தாலே தெரியும். ஈரத்தில் பந்து மெதுவாக ஓடும் என்பதால் கொஞ்சம் அழுத்தி அடியுங்கள். எட்டரை மணிக்கு மேல் வெயில் ஏறினால் கோடும் இருக்காது, ஈரமும் இருக்காது.