கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தும் நாய்க்கு ஏன் மூச்சிரைக்கிறது?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் 4 வயதுள்ள பக் நாய் இருக்கிறது, எடை 8 கிலோ. கிண்ணத்தில் எந்நேரமும் தண்ணீர் வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் மாலையில் பத்து நிமிடம் பந்து விளையாடினாலே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெகுநேரம் இளைக்கிறது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்ற பொதுக் கணக்கின்படி உங்கள் நாய்க்கு நாளொன்றுக்கு 400 முதல் 480 மில்லி தண்ணீர் தேவை, வெயிலிலும் ஓட்டத்திலும் இது கூடும். காலையில் அளந்து ஊற்றி, இரவில் மீதியை அளந்து பார்த்தால் எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிந்துவிடும். ஈறைத் தொட்டும் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் நல்லது, விரலில் பசைபோல் ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது 'பக்' என்ற சொல்தான். பாதங்களில் சிறிதளவே வியர்க்கும் நாய், வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தின் மேல் காற்றை வேகமாக ஓடவிட்டு, அந்த ஈரம் ஆவியாவதால்தான் பெருமளவு உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களுக்கோ காற்று செல்லும் வழியே பிறவியில் குறுகல் என்பதால், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அவற்றின் சூடு எளிதில் இறங்காது. புழுக்கமான நாளில் ஈரம் சரிவர ஆவியாகாது. வெயில் தாழ்ந்த பிறகும் ஆபத்து நீடிப்பது இதனால்தான். விளையாட்டை அதிகாலைக்கு மாற்றி, சில நிமிடங்களில் நீங்களே நிறுத்திவிடுங்கள்; பந்தின் மீது ஆசை கொண்ட நாய் தானாக நிறுத்தாது. சும்மா படுத்திருக்கும்போதும் குறட்டைபோல் மூச்சு ஒலித்தால், மூச்சுப்பாதையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வெப்பத்தால் மயங்கி விழும் நாயை ஈரத்துண்டால் போர்த்தி உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: முதலில் குளிரவையுங்கள், பிறகு புறப்படுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டி நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளுறுப்புகளைச் சேதப்படுத்துகிறது. நிழலில் கிடத்தி, மூக்கிலும் வாயிலும் புகாதபடி உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றி, மின்விசிறிக் காற்று படச் செய்யுங்கள். ஐஸ் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். போர்த்திய துண்டு சிறிது நேரத்தில் உடற்சூட்டை வாங்கிக்கொண்டு, காற்றையும் தடுத்துவிடும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம். காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது. இந்தச் சூட்டை அது குறைக்காது, நாய்க்கு நஞ்சாகவும் கூடும்.

எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வாலாட்டியதை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மறுநாள் இரத்தக் கழிச்சலோடு என்னிடம் கொண்டுவரப்பட்ட லேப்ரடார் ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் ஏற்படும் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வெளிப்படும்.

கேள்வி: கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, நாயைக் காரில் ஐந்து நிமிடம் விட்டுச் செல்லலாமா?

பதில்: கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்குவதால் பெரிய பயன் இல்லை. அழைத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால், உங்களுடன் வருபவர் ஒருவர் நாயோடு வெளியே நிழலில் நிற்கட்டும்.