அரசு டெண்டர்: சப்ளையர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இந்தத் தொழிலுக்குப் புதியவன். டெண்டர்களை எங்கே தேடுவது?

தமிழ்நாடு அரசுத் துறைகளுக்கு மாநில அரசின் இ-டெண்டர் தளம். மத்திய அரசுக்கு மத்தியப் பொதுக் கொள்முதல் தளம். நாற்காலி, கம்ப்யூட்டர் போன்ற பொருள்களை மத்திய அரசு அலுவலகங்கள் 2016-ல் வந்த ஜெம் என்ற அரசு ஆன்லைன் சந்தையில் வாங்குகின்றன. முதல் இரண்டுக்கும் கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது காலாவதியாகும் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

கேள்வி: உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது. இ.எம்.டி. (டெண்டருடன் கட்டும் முன்வைப்புத் தொகை) கட்டாமல் டெண்டர் போடலாமா?

நீங்கள் உற்பத்தியாளரா, வியாபாரியா? மத்திய அரசு டெண்டர்களில், தாமே உற்பத்தி செய்கிற அல்லது சேவை தருகிற குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. வாங்கி விற்பவர்களும் 2021 முதல் உத்யமில் பதியலாம். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே. சான்றை நம்பி இ.எம்.டி. கட்டாமல் விட்டு வெளியேற்றப்படும் வியாபாரிகளைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: என் விலைக் கவரைத் திறக்கவே இல்லை. ஏன்?

இரண்டு கவர் முறையில் தொழில்நுட்பக் கவரில் தேறியவர்களின் விலையை மட்டும்தான் திறப்பார்கள். பலர் தோற்பது விலையில் அல்ல, காகிதத்தில். கேட்டது மூன்று ஆண்டு டர்ன்ஓவர் சான்று என்றால், இரண்டு ஆண்டுக்குக் கொடுத்தால் போதாது. தொழில்நுட்பக் கவரில் எங்காவது விலை தெரிந்துவிட்டாலும் கதை முடிந்தது. விலைப்பட்டியல் எக்செல் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கியபடியே நிரப்புங்கள்: பெயரை மாற்றாதீர்கள், வரிசைகளைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். இடையில் திருத்த அறிவிப்பு வந்து புதுக் கோப்பு போட்டிருந்தால் பழையது செல்லாது. ஆகவே கடைசி இரண்டு நாள்களில் தளத்தைத் தவறாமல் பாருங்கள்.

நேரக் கணக்கு சர்வர் கடிகாரப்படிதான். முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள். கெடு முடியும்வரை திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கலாம். 'வாபஸ்' பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். இந்தத் தளங்களில் ஒருமுறை வாபஸ் வாங்கினால் அதே டெண்டருக்குத் திரும்ப வர முடியாது.

கேள்வி: நிபந்தனைகள் ஒரே கம்பெனிக்காக எழுதியதுபோல் இருக்கின்றன.

டெண்டர் போடும் முன் சப்ளையர்களுக்காக நடத்தும் கூட்டத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். டெண்டர் திறந்த பிறகு கேட்டால் பலமிருக்காது. தமிழ்நாட்டில் ஒருவரின் டெண்டரை ஏற்கும் ஆணை வந்தபின் மேல்முறையீடு செய்ய, 1998-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆணை கிடைத்ததிலிருந்து 10 நாள்தான் அவகாசம்.

கேள்வி: பெரிய கம்பெனிகளோடு விலையில் எப்படி மோதுவது?

மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கை இங்கே கைகொடுக்கும். குறு, சிறு உற்பத்தியாளரின் விலை எல்1 விலையைவிட (டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலை) 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், எல்1 விலைக்கு இறங்கிவரச் சம்மதித்து, பிரிக்கக்கூடிய ஆர்டரில் 25 சதவீதம் பெறலாம். எல்1 100 ரூபாய், நீங்கள் 112 என்றால் வாய்ப்பு உண்டு. சம்மதிக்கும் முன் 100 ரூபாயில் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போடுங்கள். சப்ளை செய்யாவிட்டால் பிணைத்தொகையும் போகும், தடைப்பட்டியலிலும் பெயர் ஏறலாம்.

கேள்வி: சரக்குக் கொடுத்து நான்கு மாதமாகியும் பணம் வரவில்லை.

நீங்கள் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால் 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கேட்கலாம். எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் புகார் பதிந்தால், இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் வசதிப்படுத்தும் கவுன்சிலுக்குப் போகும். அங்கே முதலில் கேட்பது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதிக்கான ஆதாரம்தான். டெலிவரி சலானில் தேதி, கையொப்பம், அலுவலக முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று இறக்கும் இடத்திலேயே பாருங்கள்.