நல்ல கின்னஸ் எங்கே கிடைக்கும்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்த ஊர் திண்டுக்கல். இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் டேட்டா வேலை. பக்கத்து நாற்காலிக்காரர் அயர்லாந்துக்காரர். லண்டனில் கின்னஸ் என்ற கறுப்பு பீரைக் குடிப்பதற்குச் சும்மா இருக்கலாம், குடித்தால் டப்ளினில் குடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் ஒரு ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் பப்பில் ஒரு பைன்ட் வாங்கிப் பார்த்தேன். ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி இருந்தது, நுரை சோப்புத் தண்ணீர் மாதிரி. இதற்கா இவ்வளவு பேச்சு?

இன்னொன்று. ஜூலையில் அப்பா வருகிறார். ஊரில் எப்போதாவது சாப்பிடுவார். நான் சாப்பிடுவதும் அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவருக்கு ஒரு நல்ல பைன்ட் வாங்கிக்கொடுக்க ஆசை. எங்கே அழைத்துப் போவது?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் நண்பரின் கட்சியைப் பார்ப்போம். லண்டன் கின்னஸ் மட்டம் என்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் காரணம் சொல்வார்கள், லிஃபி ஆற்றுத் தண்ணீர் இல்லாமல் அந்த ருசி வராது என்று. டப்ளின் ஆலைக்குத் தண்ணீர் விக்லோ மலையிலிருந்து வருகிறது, ஊர் நடுவில் ஓடும் லிஃபியிலிருந்து இல்லை. லண்டன் பார்க் ராயலில் 1936 முதல் ஒரு கின்னஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் காலத்தில் ‘இது லண்டன் சரக்கு’ என்று முகம் சுளிக்க ஒரு முகாந்திரமாவது இருந்தது. 2005இல் அதை மூடிவிட்டார்கள். நீங்கள் குடித்ததும் உங்கள் நண்பர் ஊருக்குப் போய்க் குடிப்பதும் ஒரே டப்ளின் ஆலையில் காய்ச்சியதுதான். (டேட்டா வேலை என்கிறீர்கள், அதனால் ஒரு தகவல்: நீங்கள் தினமும் போடும் டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வந்தது, எழுதியவர் கின்னஸில் வேலை பார்த்த வில்லியம் காசெட். அவர் கடைசிக் காலத்தில் பொறுப்பேற்றது இதே பார்க் ராயல் ஆலையை. நாம் ஊரில் கின்னஸ் என்றால் நீளமாக நகம் வளர்த்தவரைத்தான் நினைத்துக்கொள்வோம், அந்தப் புத்தகமும் இந்த பீர்க்காரர்கள் ஆரம்பித்ததுதான்.)

ஆக, சரக்கு ஒன்று. கெடுவது கடைசிச் சில அடிகளில், நிலவறையில் இருக்கும் பீப்பாய்க்கும் உங்கள் கிளாஸுக்கும் நடுவில்.

நம் ஊர் காபிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என்ன சொல்வோம்? டிகாக்‌ஷன் தங்காத கடையில். தூள் எல்லாருக்கும் ஒரே மில்லிலிருந்துதான் வரும், ஆனால் ஒரு கடையில் அரைமணிக்கு ஒரு தடவை புதிதாக இறக்குவார்கள், இன்னொன்றில் காலையில் இறக்கியது சாயங்காலம் வரை கிடக்கும். கின்னஸும் இதே கதைதான். ஒரு பீப்பாய் 50 லிட்டர், 88 பைன்ட். ஐரிஷ்காரர்கள் கூடும் பப்பில் அது ஒரே சாயங்காலத்தில் காலியாகி அடுத்ததை மாட்டுவார்கள். பத்துக் குழாய்களில் பத்தாவதாக இதையும் வைத்திருக்கும் கடையிலோ நாளைக்கு நாலைந்து பேர் கேட்டால் அதிகம். ராத்திரி முழுக்கக் குழாயிலேயே நின்ற பீர்தான் மறுநாள் முதலில் கேட்பவருக்குப் போகும். அந்தக் குழாயை வாரம் ஒரு முறையாவது மருந்து விட்டுக் கழுவ வேண்டும். கழுவினால் குழாயில் நிற்பதையெல்லாம் கீழே கொட்ட வேண்டும், அது காசு, அதனால் தள்ளிப்போடுவார்கள். அயர்லாந்தில் கம்பெனியே ஆள் அனுப்பிக் கழுவிக் கொடுக்கிறது என்பது உங்கள் நண்பர் பக்கம் இருக்கும் ஒரே நியாயம்.

அடுத்தது காற்று. மற்ற பீர்களில் கரியமில வாயு. கின்னஸின் வெண்ணெய் போன்ற நுரைக்குக் காரணம் நைட்ரஜன், அதை 1959இல் பீப்பாய்க்குள் கொண்டுவந்தவர் மைக்கேல் ஆஷ், கணக்குப் படித்துவிட்டு கின்னஸில் வேலைக்குச் சேர்ந்தவர். எழுபது பங்கு நைட்ரஜன், முப்பது பங்கு கரியமில வாயு என்ற அளவில் கலந்து, குழாய் முனையில் பொடித் துளை போட்ட தகடு வழியாகப் பீய்ச்சுகிறார்கள். நைட்ரஜன் பீரில் எளிதில் கரையாது, அந்தத் துளைகளில் அடிபட்டு வரும்போது குறுகுறுவென்று சின்னச் சின்னக் குமிழிகளாகத் தெறித்துவிடும். சில கடைகளில் லேகருக்கு, அதாவது வழக்கமான மஞ்சள் பீருக்கு, போடும் கலவையையே இதற்கும் மாட்டிவிடுவார்கள். அப்போது குமிழி பெரிதாகும், நுரை பொருபொருவென்று நிற்கும், நாக்கில் சுருக்கென்று குத்தும். நீங்கள் சொன்ன சோப்புத் தண்ணீர் அநேகமாக இதுதான், இல்லையென்றால் நிஜமாகவே சோப்பு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிளாஸில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு கோடு ஒட்டியிருந்தாலும் நுரை அங்கே உடையும்.

எனக்கே நடந்தது. வந்த புதிதில் மழைக்கு ஒதுங்கி ஒரு பப்பில் நுழைந்தேன், பெயர் வேண்டாம். அந்தப் பையன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறந்து ஆவி பறக்கிற கிளாஸை எடுத்து நேராகக் குழாய்க்கு அடியில் நீட்டினான், பேச்சு பக்கத்தில் நின்றவனோடு, கண் டிவியில், ஒரே மூச்சில் விளிம்புவரை நிரப்பி நகர்த்திவிட்டான். கிளாஸ் கையில் வெதுவெதுவென்று இருந்தது. நான் மேஜைக்குப் போய் உட்கார்வதற்குள் நுரை நடுவில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் மட்டும் வளையமாக மிச்சமிருந்தது. பக்கத்து மேஜைப் பெரியவர் என் கிளாஸைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டு தடவையாக ஊற்றுவது பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு, அப்புறம் அடங்கும்வரை காத்திருப்பு, அப்புறம் நேராக வைத்து மேல்பங்கு, மொத்தம் 119.5 விநாடி. அந்த அரை விநாடி விளம்பரக்காரர்களின் வேலை. நைட்ரஜன் வருவதற்கு முன்னால் ஒரு பீப்பாயிலிருந்து பொங்குகிற பீரும் இன்னொன்றிலிருந்து அடங்கிய பீரும் கலந்து ஊற்றினார்கள், அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இது. ஆனாலும் நான் இதைப் பார்ப்பேன், ஏனென்றால் நாலு பேர் காத்திருக்கும்போதும் முக்கால் நிரம்பிய கிளாஸை அடங்க விட்டு வைக்கிற ஆள் கிளாஸையும் ஒழுங்காகத்தான் கழுவியிருப்பார். அந்த இடைவெளியில் கிளாஸ் ஓரத்தைக் கவனியுங்கள், குமிழிகள் கீழே இறங்கும். கண் ஏமாற்று இல்லை. மேலே அகன்ற கிளாஸ் என்பதால் குமிழிகள் நடுவில் கூட்டமாக மேலேறுகின்றன, மேலே போன பீர் ஓரமாக வழிந்து இறங்குகிறது, இறங்கும்போது ஓரத்துச் சின்னக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்துக் கணிதவியலாளர்கள் 2012இல் இதை வேலை மெனக்கெட்டு நிறுவினார்கள்.

சரி, எங்கே போவது? என் வழி இது: உள்ளே போனதும் ஆர்டர் செய்யாதீர்கள். மேஜைகளைப் பாருங்கள். கறுப்புக் கிளாஸ் எத்தனை இருக்கிறது, குடித்து வைத்த காலிக் கிளாஸ்களின் உள்பக்கம் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வெள்ளை வளையம் படிந்திருக்கிறதா? படிந்திருந்தால் கிளாஸ் சுத்தம், நுரை சரி. கறுப்புக் கிளாஸே கண்ணில் படவில்லையா, வேறு எதையாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கவுண்டரில் மூன்று நான்கு கிளாஸ் முக்கால் நிரம்பி வரிசையாகக் காத்திருந்தால் தயங்காமல் கேட்கலாம். நுரை மேல் இலைப் படம் வரைந்து கொடுக்கும் கடை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அது என் கோளாறாகவும் இருக்கலாம்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், பிக்காடிலி சர்க்கஸ் பக்கம் டெவன்ஷயர். 2023 கடைசியில் திறந்தது, ஊற்றி மாளாத அளவுக்கு விற்பனை, பீர் அருமை, ஆனால் சாயங்காலம் போனால் தெருவில் நின்றுதான் குடிக்க வேண்டும். சோஹோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் டூக்கன், தம்மாத்துண்டு இடம், சுவரெல்லாம் பழைய கின்னஸ் விளம்பரம். என் ஓட்டு ஸ்டோக் நியூயிங்டனில் இருக்கும் ஆல்ட் ஷிலேலாவுக்கு. வாசலைப் பார்த்தால் இரண்டு ஆள் அகலம், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். கின்னஸ்தான் வேண்டும் என்றில்லையென்றால், லண்டனிலேயே காய்ச்சும் ‘லண்டன் பிளாக்’ என்ற போர்ட்டரையும் (அதுவும் ஒரு கறுப்பு பீர்) குடித்துப் பாருங்கள், அதுவும் நைட்ரஜன்தான். கின்னஸ் சேர்ந்த ஸ்டவுட் வகையே பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் போர்ட்டரின் பிள்ளை என்று உங்கள் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், மத்தியானச் சாப்பாடு முடியும்வரை பேசுவார்.

இனி அப்பா. வெள்ளி, சனி வேண்டவே வேண்டாம், அந்தச் சத்தத்தில் நீங்கள் பேசுவது அவர் காதில் விழாது. செவ்வாயோ புதனோ மத்தியானம் நாலு மணிக்குப் போங்கள். கறுப்பாக இருப்பதால் கனமான சரக்கு என்று நினைப்பார். நாலு சதவீதத்தைச் சற்றே தாண்டும், நம்மூர் ஸ்ட்ராங் பீரில் பாதி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ஹாம் பக்கம் நம் கடைகளில் கிடைக்கும் இலங்கை லயன் ஸ்டவுட்டை முதல் நாள் வாங்கிக்கொடுத்துவிடாதீர்கள், அது எட்டு சதவீதத்துக்கு மேல், தித்திப்பு வேறு, அதைக் குடித்த நாக்குக்கு இது தண்ணீராகத் தெரியும். முதலில் அவருக்கு அரை பைன்ட் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். சொல்லாதீர்கள். மகன் முழுக் கிளாஸும் அப்பா அரைக் கிளாஸுமாக உட்கார்ந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும், மிச்சம் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். அவரை மேஜையில் உட்கார வைக்காமல் கவுண்டருக்கே கூட்டிப் போங்கள், அங்கே நின்றால்தான் குமிழி இறங்குவது தெரியும். இரண்டு நிமிடம் இரண்டு பேரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பணம் அங்கேயே, ஊற்றும்போதே கொடுத்துவிட வேண்டும். அவர் பையில் கைவிடுவார், அதற்குள் நீங்கள் கார்டைத் தட்டிவிடுங்கள். விலை கேட்டால் பவுண்டில் சொல்லுங்கள், ரூபாயில் வேண்டாம்.