முந்நூறு கணக்குகளும் ஒரு ரசீதும்

வணக்கம் சார்,

ஐந்து வருடமாக ஒரே நிறுவனத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். அடுத்த படியான இடைநிலைப் பொறியாளர் வேலைக்கு மூன்று இடங்களில் நேர்காணல் போனேன். மூன்றிலும் இல்லை என்றுவிட்டார்கள். லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் முந்நூறு புதிர்க் கணக்குகள் போட்டிருக்கிறேன், கோடிங் ரவுண்டில் தடுமாறியதே இல்லை.

கடைசி இடத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வீஸைப் பற்றிக் கேட்டார்கள். ஆர்டர் முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ரசீது மின்னஞ்சல் அனுப்புவதுதான் அதன் வேலை. ஆர்டர் தகவல் ஒரு மெசேஜாக, கியூ என்ற காத்திருப்பு வரிசையில் நின்று அதற்கு வரும். "நடுவில் கியூ எதற்கு?" என்றார் ஒருவர். "நான் சேரும்போதே இருந்தது" என்றேன். "ஒரே மெசேஜ் இரண்டு முறை வந்தால்?" என்றார். "அப்படி வராது" என்றேன். அதற்கப்புறம் பேச்சு சுரத்தில்லாமல் போய்விட்டது.

இன்னும் முந்நூறு கணக்குகள் போடட்டுமா, இல்லை சிஸ்டம் டிசைன் (மென்பொருள் அமைப்பை வடிவமைக்கும்) கோர்ஸ் எதிலாவது சேரட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய கோர்ஸ் ஐந்து வருடமாக உங்கள் கணினியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

படிப்பை முடித்ததும் வருபவரிடம் கேட்பதற்கு வேலை அனுபவம் இருக்காது. அதனால் புதிர் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஐந்து வருட ஆளிடம் அந்த அனுபவத்தைத்தான் கிளறுவார்கள். "நான் சேரும்போதே இருந்தது" என்பது நேர்மையான பதில். ஆனால் ஐந்து வருடம் கூடவே இருந்தும் ஏன் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் எதிரில் இருப்பவர் காதில் அது விழும்.

சரி, அந்தக் கியூவையே எடுத்துக்கொள்வோம். அது இல்லாவிட்டால், ஆர்டரைப் பதிவு செய்யும் கோடே மின்னஞ்சலையும் அனுப்ப வேண்டும். மெயில் சர்வர் மந்தமானால் வாடிக்கையாளர் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அது விழுந்தே போனால், பணம் கட்டிய ஆர்டர் ஒரு ரசீதுக்காகத் தோற்கும். கியூ இந்த இரண்டையும் பிரித்துவைக்கிறது. அதற்கு விலையும் உண்டு: ரசீது சற்றுத் தாமதமாகப் போகும், கண்காணிக்க வேண்டிய பொருள் ஒன்று கூடும். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. நீங்கள் பயன்படுத்துவது எந்தக் கியூ என்று எழுதவில்லை. அமேசானின் எஸ்.க்யூ.எஸ். என்ற கியூ சேவையின் ஸ்டாண்டர்ட் கியூ என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மெசேஜையும் 'குறைந்தது ஒரு முறை' கொண்டுசேர்ப்பேன் என்பதுதான் அது தரும் உறுதி. ஒரே ஒரு முறைதான் வரும் என்று அது எங்கும் சொல்லவில்லை. உங்கள் வொர்க்கர் (கியூவிலிருந்து எடுத்து வேலையைச் செய்யும் புரோகிராம்) ஒரு மெசேஜை எடுத்ததும் அது மற்றவர் கண்ணில் படாமல் மறைந்திருக்கும். விசிபிலிட்டி டைம்அவுட் என்ற அந்த நேரம், நாம் மாற்றாதவரை 30 விநாடி. அதற்குள் வேலையை முடித்து மெசேஜை அழிக்காவிட்டால் அது திரும்பத் தலைகாட்டும். மெயில் சர்வர் ஒருநாள் 40 விநாடி எடுத்துக்கொள்கிறது. 30ஆவது விநாடியில் இன்னொரு வொர்க்கர் அதே மெசேஜை எடுத்துவிடுகிறது. வாடிக்கையாளருக்கு இரண்டு ரசீது. "அப்படி வராது" என்ற பதில் அவர்களுக்கு ஏன் உறுத்தியது என்று புரிகிறதா?

தடுப்பது எப்படி? ஆர்டர் எண்ணை ஒரு டேபிளில் யூனிக் கட்டுப்பாட்டோடு (ஒரே எண் இரண்டு முறை பதியாதபடி) எழுதிவைத்து, ஏற்கெனவே இருந்தால் அனுப்பாமல் விட்டுவிடலாம். பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் நேர்காணல் எடுக்கும்போது காத்திருப்பது இதற்கு அடுத்த வரிக்குத்தான். முதலில் எழுதிவிட்டு அனுப்புவதா, அனுப்பிவிட்டு எழுதுவதா? எழுதியதும் வொர்க்கர் செத்துவிட்டால் ரசீது போகவே போகாது. அனுப்பியதும் செத்துவிட்டால் இரண்டு முறை போகும். எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம்? ரசீது என்றால் இரண்டு முறை போனாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அட்டையிலிருந்து பணம் எடுக்கும் வேலை என்றால் கதை வேறு. இந்த எடைபோடும் பேச்சைத்தான் இடைநிலை ஆளிடம் எதிர்பார்க்கிறார்கள். முழுசாகச் சரியான விடை இங்கே கிடையாது.

சிஸ்டம் டிசைன் ரவுண்டிலும் இதேதான். கேள்வி வந்ததுமே பலகையில் பத்துப் பெட்டி வரைந்து, நடுவில் காஃப்காவை (பெரிய அளவில் மெசேஜ்களைக் கையாளும் மென்பொருள்) வைக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வகுத்தல் போடுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. தினம் பத்து லட்சம் ரிக்வெஸ்ட் என்பது கேட்க மிரட்டலாக இருக்கும். வகுத்தால் விநாடிக்குச் சுமார் 12. உச்ச நேரத்தில் பத்து மடங்கு என்றாலும் 120. சாதாரண வேலையாக இருந்தால் ஒழுங்காக இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) போட்ட ஒரே டேட்டாபேஸ் இதைத் தாங்கும். அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை ஒரு நேர்காணலில் நானும் சொதப்பியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் "நாங்கள் கட்டினோம், நாங்கள் மாற்றினோம்" என்றே பேசிக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று என் நினைப்பு. கடைசியில் நேர்காணல் எடுத்த அம்மா கேட்டார்: "இதில் நீங்கள் செய்தது எது?" யோசிக்கவே நேரமாகிவிட்டது. வேலை கிடைக்கவில்லை. அப்புறம்தான் பழைய கமிட்டுகளையும் (கோடு மாற்றப் பதிவுகள்) டிக்கெட்டுகளையும் (வேலைக் குறிப்புகள்) தோண்டி, நான் எடுத்த முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். நான்கே நான்கு தேறியது. அதில் ஒன்று தப்பான முடிவு. அடுத்த நேர்காணலில் அதிகம் கைகொடுத்தது அந்தத் தப்புதான்.

ஜாவா மொழியின் பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடும் முறை) கதை தெரியுமா? நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் அந்த ஒற்றை வரியில், பெரிய அரேக்களுக்கு (பட்டியல்களுக்கு) கூட்டுத்தொகை அந்த எண் வகை தாங்கும் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டி மைனஸுக்குப் போய்விடும். சுமார் ஒன்பது ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது அந்தப் பிழை. 2006-இல் அதை ஊரறிய எழுதியவர், அந்தக் கோடை எழுதிய ஜோஷுவா பிளாக்கேதான். 'நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. எங்கே தவறினேன், ஏன் தெரியாமல் போனது, எப்படித் திருத்துவது என்று நேராகச் சொன்னார். உங்களுடையதையும் அப்படியே சொல்லலாம். 'நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் குறை' என்ற பதில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

கோடிங்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போட்ட கணக்குகளில் இருபதை எடுத்து, வாய்விட்டுப் பேசிக்கொண்டே மறுபடி போடுங்கள். காலி அரே வந்தால் என்ன, ஒரே உறுப்பு என்றால் என்ன என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். கை மறக்காமலிருக்க அது போதும்.

நாளைக்கு அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்தக் கியூவின் டைம்அவுட் எவ்வளவு என்று பாருங்கள். அப்படியே, ஒரே ஆர்டருக்கு இரண்டு ரசீது போயிருக்கிறதா என்று லாகிலும் (சர்வீஸ் எழுதிவைக்கும் பதிவுகளில்) தேடிப் பாருங்கள். போயிருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.