தோட்டக் கையுறை: கேட்டவர்களுக்குப் பதில்

கப்பல் பட்டறையில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. இப்போது ஓய்வு, சிங்கப்பூர் ஈசூன் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி. கையுறை பற்றிப் பலரும் கேட்டதால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். இலை சுருளுது, பூ உதிருது என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: அதற்கு ஆள் நான் இல்லை.

பொங்கோல் முல்லை: அண்ணே, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருக்கேன். எந்தக் கையுறை வாங்கலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்க.

அட்டையில் பூப்படம் போட்டு 'தோட்டத்துக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். கையை எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். ஈரமா, முள்ளா, செடியின் பாலா, மருந்தா? நான்குக்கும் ஒரே கையுறை கிடையாது.

ஒன்றுதான் வாங்குவேன் என்றால், உள்ளங்கையில் நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் பூச்சுப் போட்ட நைலான் பின்னல் கையுறை. புளோக்கின் கீழே இருக்கும் வன்பொருள் கடையிலேயே சில வெள்ளிக்குக் கிடைக்கும். புறங்கைப் பக்கம் காற்று போகும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது முக்கியம். புள்ளி புள்ளியாக ரப்பர் ஒட்டிய பருத்திக் கையுறை வேண்டாம். தண்ணீர் பட்டதும் ஊறி, ஈர மண்ணைத் தோலோடு சேர்த்துக் கட்டியதுபோல் ஆகிவிடும்.

அளவைப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்தால் எத்தனை அங்குலமோ, அதுதான் ஏறக்குறைய கையுறையின் எண்: 7, 8, 9. நம் பெண்கள் பலருக்கு 7 போதும். கடையில் இருப்பதோ பெரும்பாலும் 9. விரல் நுனியில் துணி மடங்கி நின்றால் கத்தரிக்கோல் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

இன்னொன்று. வேலை நடுவே வியர்த்தால் கையுறையோடு முகத்தைத் துடைக்காதீர்கள்.

காகிதப்பூ ரசிகை: ஐயா, காகிதப்பூ கிளை வெட்டும்போது நைட்ரில் கையுறையையும் தாண்டி முள் குத்துது. அட்டையில் 'குத்தாது' என்றுதான் போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை. சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் புரியும்.

கையுறையின் பின்புறம் சுத்தியல் படம் போட்ட ஒரு சின்னக் கேடயமும், அதன் கீழே சில எண்களும் இருக்கும். ஐரோப்பாவின் இஎன் 388 தரக் குறியீடு அது. 4121எக்ஸ் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் தேய்மானம், இரண்டாவது கத்தி வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்தல். வெட்டுக்கு மட்டும் 5 வரை உண்டு; மற்றவற்றுக்கு உச்சம் 4. கடைசி எழுத்து 2016-இல் சேர்த்த இன்னொரு வெட்டுச் சோதனை. எக்ஸ் என்றால் அந்தச் சோதனை செய்யவில்லை என்று பொருள்.

உங்கள் கையுறையில் நான்காவது எண் 1 அல்லது 2 ஆக இருக்கும், பாருங்கள். 1 என்றால் 20 நியூட்டன் விசை தாங்கும். 4 என்றால் 150. ஆனால் சோதனைக்குப் பயன்படுத்தும் எஃகுக் கம்பி 4.5 மில்லிமீட்டர் தடிமன், முனையும் ஊசி போல் கூர்மை இல்லை. காகிதப்பூ முள்ளோ, ரோஜா முள்ளோ, ஊசியோ அப்படியா? பின்னலின் கண் வழியாகவே நுழைந்துவிடும். அதனால் எண் 4 இருந்தாலும் முள்ளுக்கு நான் பின்னல் கையுறையை நம்பமாட்டேன்.

முள்ளுக்குத் தோல்தான். ஆட்டுத்தோல் மெல்லியது, விரல் நன்றாக மடங்கும். மாட்டுத்தோல் தடிமன், பெரிய கிளைகளுக்கு நல்லது. முழங்கை வரை வரும் நீளக் கையுறையாக வாங்குங்கள். காகிதப்பூ கிழிப்பது விரலைவிட முன்கையைத்தான் அதிகம். முள் ஆழமாக ஏறினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

வேப்பெண்ணெய்ப் பிரியன்: இதே நைட்ரில் பின்னல் கையுறையைப் பூச்சி மருந்து கலக்கவும் போடலாமா?

கூடாது. பூச்சு இருப்பது உள்ளங்கையில் மட்டும். மருந்து புறங்கைப் பின்னலில் ஊறினால் வேலை முடியும் வரை தோலோடு ஒட்டியே இருக்கும். வெறுங்கையில் பட்டால் உடனே கழுவியாவது விடுவீர்கள். இதில் பட்டதே தெரியாது. முழுக்க நைட்ரிலால் ஆன கையுறை வாங்குங்கள். குடுவைப் படமும் இஎன் 374 என்ற ரசாயனத் தடுப்புத் தரக் குறியீடும் இருக்க வேண்டும். மருந்துப் புட்டியில் கையுறை பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இறுதி. வேப்பெண்ணெய்க்கு இயற்கை ரப்பர் வேண்டாம். எண்ணெய் பட்டால் உப்பி இளகிவிடும்.

கழற்றுவதற்கு முன்னால், கையில் போட்டபடியே கையுறையைக் கழுவுங்கள். முகத்தைத் தொடாதீர்கள்.

தேக்கா தம்பி: அங்கிள், எந்த பிராண்ட் நல்லது?

பிராண்ட் சொல்லமாட்டேன். எண்ணைப் பாருங்கள்.

பிடோக் பெரியவர்: இதெல்லாம் என்ன கூத்து? நாற்பது வருஷமா வெறுங்கையால மண்ணைக் கிளறுறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. மண்ணைத் தொடாம செய்யறது தோட்டமா?

பெரியவரே, உங்களுக்கு ஆகவில்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. அதன் கிருமி நம் வட்டார மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. 1912-இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசாமியும் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். சிங்கப்பூரில் இன்றும் வருகிறது. பெருமழைக்குப் பிறகு கூடும். 2004-இல் அப்படிக் கூடியது. கையில் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் முதலில் இரண்டு வாரமாவது ரத்த நாளம் வழி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

பிடோக் பெரியவர்: அது வயல்ல இறங்குறவங்களுக்கு வர்றது. நாம கடையில வாங்குற பை மண்ணுல என்ன இருக்கப்போகுது?

பை மண்ணும் சமூகத் தோட்டத்துப் பாத்தியும் ஒன்றல்ல. பாத்தி ஊர் மண். மழைத்தண்ணீர் நிற்கும் மண். பை மண்ணில் வேறு கவலை: லெஜியனெல்லா என்ற கிருமி. ஆஸ்திரேலியாவில் பையின் மேலேயே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். அது தூசியோடு மூச்சில் போவது. கையுறை அதைத் தடுக்காது. பையை முகத்துக்கு நேராக வைத்துப் பிரிக்காமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள்.

தெம்பனிஸ் கறிவேப்பிலை: பெரியவர் சொல்றதிலயும் நியாயம் இருக்குங்க. கீரை நாற்று பிடுங்கி நடும்போது கையுறை போட்டா வேர் அறுந்துடுது.

அது சரிதான். நாற்றுக்கும் விதைக்கும் ஒருமுறை போட்டுவிட்டுத் தூக்கிப்போடும் மெல்லிய நைட்ரில் கையுறை போடுங்கள். அதுவும் முடியாது, கையில் கீறல் இல்லை, புதுத் தொட்டி மண் என்றால் வெறுங்கையால் நட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிடோக் பெரியவர்: பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டார்!

நாற்றுக்கு ஒத்துக்கொண்டேன், பாத்திக்கு இல்லை. ஒன்று கேட்கிறேன், உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?

பிடோக் பெரியவர்: இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன். அதுக்கும் இதுக்கும் என்ன?

எல்லாம் இருக்கிறது. இந்த நோய்க்கு மிகப் பெரிய ஆபத்துக் காரணம் நீரிழிவுதான். சிலருக்கு விரல் மரத்துப்போய்க் கீறலே உணராது. உங்களுக்குப் பேச்சுக்கே இடமில்லை: கையுறை, அப்புறம் காலில் மூடிய காலணி. செருப்போடு பாத்தியில் இறங்குகிறீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மழைவிட்ட மறுநாள் மண்ணைக் கிளறாமல் விட்டாலும் கீரை முளைக்கும். மண்வேலை செய்த சில நாளில் காய்ச்சல் வந்தால், தோட்டம் செய்கிறேன் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் கறிவேப்பிலை: பெரியவரே, நான் வாங்கித் தர்றேன். என்ன அளவு?

பிடோக் பெரியவர்: 9 தான் இருக்கும். அளந்து சொல்றேன்.

உட்லண்ட்ஸ் ஓமவல்லி: கையுறை ஒரே நாத்தம். எப்படித் துவைக்கிறது?

பூச்சுப் போட்ட பின்னல் கையுறை என்றால், கையில் போட்டபடியே சோப்புப் போட்டுக் கை கழுவுவதுபோல் தேய்த்து மண்ணை நீக்குங்கள். கழற்றி உட்புறம் வெளியே திருப்பி இன்னொரு முறை அலசுங்கள். நாற்றம் வருவது உள்ளே ஊறிய வியர்வையால்தான். காயப்போடும்போது விரல் நுனியில் கிளிப் மாட்டி, வாய் கீழே தொங்க வேண்டும். வாய் மேலே இருந்தால் மழைத்தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு அது போதும். நிழலில், காற்றில் காயட்டும். நேர் வெயிலில் மூங்கில் கம்பில் நாள் முழுக்கக் கிடந்தால் ரப்பர் பூச்சு வெடிக்கும். இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். நம் ஊரில் ஒரு இரவில் உள்பக்கம் காயாது.

தோல் கையுறையைத் தண்ணீரில் முக்காதீர்கள். தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். விறைத்தால் தோலுக்கான எண்ணெய் கொஞ்சம். ஞெகிழிப் பையில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

மருந்து பட்டதை வீட்டுத் துணியோடு இயந்திரத்தில் போடவே கூடாது.

ஜூரோங் செம்பருத்தி: ரப்பர் கையுறை போட்டா கை அரிக்குது.

இயற்கை ரப்பரை உடனே நிறுத்துங்கள். நைட்ரிலுக்கு மாறியும் அரித்தால் தயாரிப்பில் சேர்க்கும் ரசாயனம் காரணமாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கினால், மூச்சு இளைத்தால் காத்திருக்காதீர்கள்.

செங்காங் சேம்பு: சேப்பங்கிழங்கு நறுக்கினா அரிப்பு. அதுக்கும் கையுறையா?

ஆமாம், மெல்லிய நைட்ரில். அரிப்பு கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்களால். அடினியம், அரளி, முள் யூபோர்பியா வெட்டும்போதும் இதே கையுறை. அவற்றின் பால் கண்ணில் படவே கூடாது. அதனால்தான் முகம், முகம் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன்.

அங் மோ கியோ அல்லி: என் மல்லிகை மொட்டு கருகி விழுது.

மேலே முதல் பத்தியைப் படியுங்கள்.

மரீன் பரேட் மல்லி: சார், நல்ல பிராண்ட் ஒன்று…

எண்ணைப் பாருங்கள், அளவைப் பாருங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கிளமெண்டி கீரை: எனக்கு எப்போதும் வலது கைக் கையுறைதான் முதலில் கிழியுது. இடது கை புதுசாவே கிடக்கு. திருப்பிப் போடலாமா?

பூச்சுப் போட்டதைத் திருப்பிப் போட்டால் பூச்சு உள்ளே போய்விடும்; பிடி கிடைக்காது, வியர்வையும் கொட்டும். ஒருமுறை போட்டுத் தூக்கிப்போடும் நைட்ரில் மட்டும்தான் இரு கைக்கும் பொருந்தும். தோட்டத்தில் இடது கைக்காரர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் இருவருக்கும் அளவு ஒன்றாக இருந்தால் மிச்சக் கையுறைகளை மாற்றிக்கொள்ளலாம். வலது கையில் கிழிவது ஆள்காட்டி விரல் நுனி என்றால், கரண்டி எடுக்கச் சோம்பல்பட்டு விரலாலேயே மண்ணைத் தோண்டுகிறீர்கள். கரண்டி வாங்குங்கள்.