கழுத்துக் காயம் ஆறுமுன் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம் செய்து, தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கத்துக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன் ஆடு ஒன்று குறுக்கே ஓடி வந்ததால் வண்டியோடு விழுந்து கழுத்தில் அடிபட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறிவு இல்லை என்றும், ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். வலி பெரும்பாலும் போய்விட்டது. இடது கட்டைவிரல் மட்டும் மரத்தாற்போல் இருக்கிறது. கழுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா? நெட்டி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதைச் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பட்டை போட்டுக்கொண்டு ஓட்டவே கூடாது. பட்டை இருப்பது கழுத்தைத் திரும்பவிடாமல் பிடித்து வைப்பதற்கு. சாலையில் வண்டி ஓட்டுபவருக்கோ கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது உயிர் காக்கும் செயல். பட்டை இன்னும் தேவைப்படுகிறது என்றால் வண்டியில் ஏறும் நாள் இன்னும் வரவில்லை. தேவையில்லை என்று உங்கள் மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, ஒரு தைரியத்துக்காக அதை வாரக்கணக்கில் அணிந்துகொண்டிருப்பதும் சரியன்று. வேலையில்லாமல் போன கழுத்துத் தசைகள் விரைவில் நலிந்துவிடும்.

வலி குறைந்துவிட்டதை வைத்து மட்டும் நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களை அசைக்காமல், முகவாயை முதலில் ஒரு தோள் பக்கமும் பிறகு மறு தோள் பக்கமும் திருப்பிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கழுத்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 பாகை வரை திரும்பும். வலியோ தயக்கமோ இல்லாமல் அதற்கு அருகிலாவது வர வேண்டும். அதன் பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் வேறொருவரை நிறுத்தச் சொல்லி, ஹெல்மெட் அணிந்து அதன்மேல் அமர்ந்து, பின்னால் வருபவர் யார் என்று இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாமே என்று நினைக்க வேண்டாம். தேவகோட்டை நெடுஞ்சாலையில் பின்னால் நெருங்கி வந்துவிட்ட பேருந்து கண்ணாடியின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு கணம் உண்டு; தலையைத் திருப்பினால்தான் அது தெரியும்.

உங்கள் கட்டைவிரல் மரத்திருப்பதை அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கழுத்தின் ஏழு எலும்புகளில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையிலிருந்து வெளிவரும் நரம்பு, முன்கையின் கட்டைவிரல் பக்கத்துக்கும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களுக்கும் உணர்ச்சியைத் தருகிறது. முழங்கையை மடக்கும் தசைக்கும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்கும் வலுவைத் தருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மணிக்கட்டு நிமிர்ந்து நிற்காவிட்டால் விரல்களின் பிடி தளரும். உங்கள் வண்டியில் கிளட்ச் இடது கையில்தானே இருக்கிறது? நின்ற வண்டியில், இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுவதுமாக அழுத்தி விடுவதை விடாமல் இருபது முறை செய்து பாருங்கள். நடுவில் கை சோர்ந்தாலோ நடுங்கினாலோ, இரு கைகளின் பிடியிலும் வேறுபாடு தெரிந்தாலோ, நரம்பு இன்னும் தேறவில்லை என்று பொருள். மருத்துவரிடம் திரும்பப் போய்க் கையின் வலுவைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனையில் குறையே தெரியாவிட்டாலும், விரல் இன்னும் மரத்திருக்கும் நிலையில் அவரைக் கேளாமல் வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம். நடை தடுமாறுவது, சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் திணறுவது, சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போவது, தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே போக வேண்டும். அவை தண்டுவடமே நெருக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

நரம்பு வலிக்கு உங்களுக்கு பிரிகாபலின் அல்லது காபாபென்டின் தந்திருக்கக்கூடும். தசை இறுக்கத்துக்கு டிசானிடின் தருவதும் வழக்கம். இவை தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும். இரவில் விழுங்கிய மாத்திரையின் மந்தம் மறுநாள் காலை வரை நீடிப்பவர்கள் உண்டு. அவற்றைச் சாப்பிடும் வரையில், ஓட்டலாமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஓட்ட வேண்டும் என்பதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நெட்டி எடுப்பது வேண்டவே வேண்டாம். சுளுக்கை நீவிவிடும் அனுபவசாலிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தோளையும் முதுகையும் மென்மையாக நீவுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழுத்தை ஒரே மூச்சில் வெடுக்கென்று திருப்புவது முற்றிலும் வேறான செயல். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளின் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரு தமனிகள் ஏறிச் செல்கின்றன. அந்தத் திருப்பலில் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதத்தில் முடிவது அரிது என்றாலும் நடக்கக்கூடியது. ஏற்கெனவே பிதுங்கியிருக்கும் வட்டு மேலும் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து உங்களுக்குக் கூடுதலாக உண்டு.

உங்கள் மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகும், முதல் சில நாள்களுக்கு வியாபாரத்தையும் ஓட்டிப் பார்ப்பதையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். காலையில் கூட்டமில்லாத நல்ல சாலையில், சுமை எதுவும் இல்லாமல், பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் ஓட்டிவிட்டு வீடு திரும்புங்கள். கழுத்து தன் எதிர்ப்பைப் பெரும்பாலும் அன்றிரவோ மறுநாள் காலையிலோதான் காட்டும். ஆகவே மறுநாள் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே தூரத்தைக் கூட்டுங்கள். நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துக்குள் திரும்பியதும் வரும், வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள்தான் உங்களுக்கு உண்மையான தொல்லை. எதிர்பார்த்து வாங்கும் குலுக்கலைத் தசைகள் தாங்கிக்கொள்ளும். எதிர்பாராத குலுக்கல் நேரே வட்டில் போய் இறங்கும். அதனால் வேகத்தைக் குறைத்து, தொடைகளால் டேங்கைப் பிடித்து, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து கடக்கப் பழகுங்கள். சுமைக்காகப் பின் சக்கரத்தில் கூடுதலாக அடித்து வைத்திருக்கும் காற்றையும் வண்டியில் குறிப்பிட்டிருக்கும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

பலகார டின்களைப் பின்னால் கட்டி, கைப்பிடியின் இரு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டு ஓட்டுவதை நான் இப்போது ஏற்க மாட்டேன். தொங்கும் பை ஒவ்வொரு ஆட்டத்திலும் கைப்பிடியை இழுக்கும். அதை எதிர்த்துப் பிடிக்கும் வேலை தோளிலும் கழுத்திலும்தான் விழுகிறது. பளுவான வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றுவதும் அப்படியே. இன்னும் சில வாரங்களுக்குச் சரக்கை டவுன் பஸ்ஸிலோ, அந்தப் பக்கம் போகும் சரக்கு ஆட்டோவிலோ அனுப்பிவிட்டு, கடைக்காரர்களிடம் கணக்கை அலைபேசியில் பேசிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாவது முறை விழுந்தால் ஏற்படும் செலவோடு ஒப்பிட்டே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குக் கழுத்தில் அறுவை செய்து தகடு வைத்துப் பத்து வாரங்கள் ஆகின்றன. பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டும் என்கிறான். தம்பி வண்டியை ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து போகலாமா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம், ஆச்சி. பின்னால் உட்காருவது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பின்னிருக்கை பின் சக்கரத்தின் அருகிலேயே இருப்பதால் குலுக்கல் அங்கேதான் அதிகம். முன்னால் வரும் பள்ளம் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று பிரேக் போட்டால் தலை முன்னே வெட்டிக்கொண்டு போகும். தகடு எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கிறதே தவிர, எலும்பு ஒன்றோடொன்று கூடிவர மூன்று முதல் ஆறு மாதங்களும் சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எக்ஸ்ரே பார்த்து அறுவை செய்த மருத்துவர் சொல்லும் வரை, காரில் சீட் பெல்ட் போட்டு, தலை சாய்க்கும் மெத்தையைக் காதுக்கு மேல் வரும்படி உயர்த்தி வைத்து அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கழுத்து வலிக்காக ஹெல்மெட் போடாமல் ஓட்ட, மருத்துவச் சான்று தருவீர்களா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தர மாட்டேன். தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமாக அமலாக்கப்பட்டு வருகிறது. ஆனால் சட்டத்துக்காக நான் மறுக்கவில்லை. நம் தலை நான்கரை முதல் ஐந்து கிலோ எடை உள்ளது. ஹெல்மெட் அதன்மேல் ஒன்றேகால், ஒன்றரை கிலோ சேர்க்கும். அந்தக் கூடுதல் எடையைத் தாங்க முடியாத கழுத்து, ஒரு சாதாரண பிரேக்கின் இழுப்பையும் தாங்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளவற்றில் எடை குறைவான, தலையில் ஆடாமல் கச்சிதமாகப் பொருந்துகிற ஒன்றை வாங்குங்கள். தளர்ந்த ஹெல்மெட் காற்றில் ஆடி ஆடியே கழுத்தைச் சோர்வாக்கும். அதை வீட்டில் அரை மணி நேரம் அணிந்து உட்கார்ந்து பாருங்கள். அதற்கே வலி எடுத்தால், இப்போதைக்குப் பேருந்தில் போய் வாருங்கள்.