மக்காச்சோள மூட்டையில் எறும்பு போல ஓடும் வண்டு: புகை மாத்திரை வைக்கலாமா?

கேள்வி: கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போட மக்காச்சோளத்தை மூட்டை பிடித்து, வீட்டை ஒட்டிய அறையில் அடுக்கியிருக்கிறோம். கொஞ்ச நாளாக அடி மூட்டைகளைச் சுற்றி எறும்பு போன்ற சின்னப் பூச்சிகள் ஓடுகின்றன. பிடித்துப் பார்த்தால் முதுகு ஓடு போலக் கெட்டியாக இருக்கிறது. எருக்குழியிலும் இதே பூச்சி உண்டு. இரவில் விளக்குக்கும் வருகிறது. கடையில் கேட்டதற்கு, மூட்டைகளுக்கு நடுவில் புகை மாத்திரை வைத்துத் தார்ப்பாயால் மூடச் சொன்னார்கள். வைக்கலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.
(பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் விவசாயி)

பதில்: அம்மா, அந்த மாத்திரையை வைக்கவே வைக்காதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும். கதவிடுக்கு வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் அந்த வாயு நீங்கள் படுத்துறங்கும் அறைக்கு வந்துவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அரசுக் கிடங்குகளும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. வீடுகளில் வைக்க விதி இடம் தரவில்லை. வாங்கி வைத்திருந்தால் பிரிக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனை ஆபத்தான மருந்தை வைக்கும் அளவுக்கு அந்தப் பூச்சி உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. படத்தில் இருப்பது எறும்புருவப் பூ வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆந்திசிடே என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். ஈரம் கோத்த தானியம், எருக்குழி ஆகிய இரண்டு இடங்களிலும் காணப்படுவதையும் படத்தில் தெரியும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஓமோனாடஸ் ஃபுளோராலிஸ் என்ற இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தானியப் போக்குவரத்தோடு உலகம் முழுவதும் பரவிவிட்ட வண்டு இது.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். நாலைந்து பூச்சிகளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் சற்று நேரம் வையுங்கள். ஓட்டம் அடங்கியதும் வெள்ளைத் தாளில் கொட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும்: மூன்று மில்லிமீட்டர், சற்றுக் கூடலாம், குறையலாம். உணர்கொம்பை முதலில் கவனியுங்கள். எறும்புக்கு அது முழங்கை போல நடுவில் மடிந்திருக்கும். இந்த வண்டுக்கு மடிப்பே இல்லாமல், பதினொரு சிறு கணுக்கள் கோத்ததாக நீண்டு போகும். அடுத்தது இடுப்பு. எறும்புக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பு சிறுத்து, அங்கே ஒன்றோ இரண்டோ முடிச்சும் இருக்கும். இந்த வண்டு சிறுத்திருப்பது கழுத்தில்: கண்களுக்குப் பின்னால் தலை சட்டென்று ஒடுங்குகிறது, அதை அடுத்த நெஞ்சுப் பகுதியும் முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகுகிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது எறும்பு என்று நினைக்க வைப்பது இந்த அமைப்புதான்.

முதுகில் இரண்டு கெட்டி இறக்கைகள் நடுவில் நேர்கோடாகச் சேர்ந்து வயிறு முழுவதையும் மூடியிருக்கும். விளக்குக்குப் பறந்து வர உதவும் மெல்லிய இறக்கைகள் அவற்றின் அடியில் மடங்கிக் கிடக்கும். தலை கருமை, நெஞ்சு செம்பழுப்பு, கால்கள் வெளிறிய சிவப்பு. கெட்டி இறக்கைகள் தொடங்கும் இடத்தில் செம்மையாகவும் பின்னால் போகப்போகக் கருமையாகவும் இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் நெஞ்சின் முன்விளிம்பருகே இரண்டு சின்னஞ்சிறு மேடுகள் தெரியும். ஃபுளோராலிஸை அடையாளம் காட்டும் குறி அது. இதே இடங்களில் வாழும் நெருங்கிய உறவினங்களும் உண்டு. எந்த இனம் என்று அடித்துச் சொல்ல, ஆண் வண்டைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது எந்த இனமானாலும் ஒன்றுதான்.

1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது, கொப்புள வண்டுகளின் பேரினமான மெலோவில் சேர்த்தார். இப்போது இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். ஆனாலும் எறும்புருவப் பூ வண்டுகளில் பல, கொப்புள வண்டின் உடலிலுள்ள கேந்தாரிடின் நஞ்சைத் தேடிப் போகின்றன. ஐரோப்பாவிலுள்ள, நெஞ்சில் கொம்பு நீட்டிய நோடாக்ஸஸ் வண்டில், ஆண் அந்த நஞ்சை உண்டு இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. முட்டைகளுக்கு அது காவலாகிறது. இத்தனை சிறிய உயிருக்குள் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

உங்கள் வண்டு மக்காச்சோளத்தைத் துளைப்பதில்லை. பூசணத்தையும், மக்கும் பொருளையும், அங்கே திரியும் நுண்ணிய பூச்சிகளையும்தான் தின்கிறது. மணியில் வட்டத் துளையும் வண்டின் முகத்தில் நீண்ட மூக்கும் இருந்தால் அது கூன்வண்டு. அதற்கு வேறு வைத்தியம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். விளக்குக்கு வரும் பூச்சிகளில் ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்டு, இறக்கை பாதி முதுகோடு நின்று, வயிற்று நுனி வெளியே தெரியும் வண்டு ஒன்று உண்டு. அதை உடம்பில் வைத்து நசுக்கினால் தோல் வெந்து கொப்புளிக்கும். ஊதித் தள்ளிவிடுங்கள்.

நான் கவலைப்படுவது வண்டைப் பற்றியல்ல, அதை அங்கே வரவழைத்த பூசணத்தைப் பற்றி. அடி மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலும், மக்கிய வாடை அடித்தாலும், மணிகள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலும் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். மணியின் முளைப்பகுதியில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்திருந்தால் அது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூசணமாக இருக்கலாம். அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குவது அதுதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழுந்தது, பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த இந்த நஞ்சால்தான். கோழிகளின் ஈரலை அது கெடுக்கும். மாடு தின்றால் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைத்தான் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். வேகவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் உருவான நஞ்சு போகாது. ஆகவே பூசணம் பிடித்த மணிகளைத் தீவனத்தில் கலந்து தீர்த்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். தனியே எடுத்து அப்புறப்படுத்துங்கள். நட்டம்தான், தெரிகிறது. ஆனாலும் வேறு வழியில்லை.

நல்ல மணிகளைச் சிமெண்ட் களத்தில் மெல்லிய படுகையாகப் பரப்பி, அடிக்கடி புரட்டிவிட்டு, ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு வரும்வரை காயவையுங்கள். ஈரமானி இல்லையென்றால் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மணியும் சிறிது உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்கு மேல். ஒட்டாமல் போனதும் நிறுத்திவிடாமல் மேலும் காயவையுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் மணி சட்டென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகு மூட்டை பிடித்து, தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே வேர்த்துவிடும். எருக்குழி அறைக்குப் பக்கத்தில் இருந்தால் அதை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ஈரம் போனால் வண்டுகள் தாமாகவே குறைந்துவிடும்.

எருக்குழியில் இருப்பவற்றை விட்டுவிடுங்கள், அது அவற்றின் இடம். வயலில் பூக்கள்மேல் இதே சாயலில் வண்டுகள் தென்பட்டாலும் மருந்தடிக்க வேண்டாம். இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் மகரந்தத்தோடு அசுவினி, பூச்சி முட்டை போன்றவற்றையும் தின்பவை.

மீதி மக்காச்சோளத்தைக் கோழிகளுக்குப் போடும் முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் நஞ்சின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள். நஞ்சு எல்லா மணியிலும் ஒரே சீராக இருக்காது. அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று கைப்பிடி எடுத்து ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையிலிருந்து மாதிரி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்க்கும். துணிப்பையில் கட்டி, எடுத்த தேதியை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.